இச்சி மரத்துத் தாய்ப்பூச்சி

பெற்றோர் கூட்டம் என்றால் எனக்கு வருவது ஒரே கேள்விதான். "மிஸ், பிள்ளைக்கு பயாலஜி ஏறுதா?" திண்டுக்கல்லில் ஒரு நீட் பயிற்சி மையத்தில் உயிரியல் நடத்துகிறேன். விலங்கியலில் முதுகலை முடித்துவிட்டு, ஆராய்ச்சிக்கு எங்காவது இடம் கிடைக்கிற வரைக்கும் என்று சேர்ந்த வேலை. அந்த 'வரைக்கும்' ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டே போகிறது. அன்றைக்கு ஒரு அக்கா வந்து எதிரே உட்கார்ந்தார். பழக்கத்தில் அவர் மகளின் மதிப்பெண் தாளை எடுத்து நீட்டினேன். வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

"அவ படிச்சுக்குவாளுங்க. நீங்க செல்லுல பூச்சிப் படமா ஸ்டேட்டஸ் வெப்பீங்களாமா, பாப்பா சொன்னா. இது என்னன்னு பாருங்க மிஸ்."

செல்லை என் பக்கம் திருப்பினார். வெள்ளையடித்த சுவரில் ஒரு அந்துப்பூச்சி. டீயில் நனைந்த பிஸ்கட் நிறம். இறக்கையை விரித்தாலும் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கும். முன்னிறக்கையின் நுனி கொக்கி போல வளைந்திருந்தது. வயிற்றை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு ஏதோ கோபத்தில் நிற்பது மாதிரி நின்றது. அடுத்த படத்தில் ஒரு இச்சி இலை, விளிம்பில் ஒரு காய்ந்த குச்சி. பெரிதாக்கிப் பார்த்தால் குச்சிக்குக் கால்கள் இருந்தன. வால் பக்கம் ஒரு சின்னக் கொம்பும் இருந்தது.

"எங்கக்கா எடுத்தீங்க?"

"எங்க புழு ஷெட்டுலதானுங்க. பழனி பக்கம், பாலசமுத்திரம்."

பின்னால் காத்திருந்த பெற்றோர்கள் கடிகாரத்தைப் பார்க்கப் பார்க்க, அக்கா முழுக் கதையையும் சொல்லி முடித்தார். அவரும் வீட்டுக்காரரும் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். போன தடவை புழுவெல்லாம் நன்றாக வளர்ந்து கூடு கட்டப் போகிற நேரத்தில், தோலில் மிளகுத்தூள் தூவினாற்போல் புள்ளி விழுந்து செத்துப்போனது. பெப்ரின் என்று ஒரு நோய். தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டைக்கும் முட்டையிலிருந்து புழுவுக்கும் போகிற நோய். ஷெட்டை ஒட்டி மேற்கே ஒரு இச்சி மரம் நிற்கிறது. அதிலும் ஏதோ ஒரு புழு பட்டுக்கூடு மாதிரியே கட்டுகிறது என்று வீட்டுக்காரர் கண்டுபிடித்து, நோய் அங்கிருந்துதான் வந்தது என்று முடிவுகட்டிவிட்டார். அடுத்த புழு வந்து இறங்குவதற்குள் மரத்தை வெட்டப் போகிறார்.

"மரம் போயிருச்சுன்னா மத்தியானத்துல ஷெட்டு அடுப்பாட்டம் ஆயிருமுங்க மிஸ். நோயில சாகலீன்னா புழு சூட்டுல சாகும். அந்தப் பூச்சிதான் காரணம்னா வெட்டட்டும், நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். இல்லீன்னா எதுக்கு வெட்டோணும்? உங்களுக்குத் தெரியுமுங்களா?"

எனக்குத் தெரியாது. ஆனால் 'தெரியாது' என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை வாரேன்கா. நேர்ல பாத்துட்டுச் சொல்றேன்."

போகும்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. "மார்க்கு நல்லாருக்குதுங்களா?"

வீட்டுக்காரரின் சந்தேகத்தைக் கிறுக்குத்தனம் என்று தள்ள முடியாது. மல்பெரியும் இச்சியும் ஒரே குடும்பத்து மரங்கள். சேலைக்குப் பட்டு கொடுக்கிற புழுவுக்குக் காட்டில் ஒன்றுவிட்ட சொந்தங்கள் நிறைய உண்டு. ஆல், அத்தி, இச்சி என்று இலை தின்று, யாரும் நூற்காத பட்டில் சின்னச் சின்னக் கூடு கட்டி வாழ்கிறவை. காசு தராத பட்டு என்பதால் அவற்றை எண்ணிப் பார்க்க ஆளில்லை. அன்று சாயங்காலமே தேட உட்கார்ந்தேன். யாரோ ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருந்த ஒரு பழைய தொகுதியில், கிட்டத்தட்ட இதே பூச்சிக்கு நாலு வரி இருந்தது. நிறம், கொக்கி நுனி, ஆணின் சீப்பு போன்ற உணர்கொம்பு. பெண்ணைப் பற்றி ஒரே சொல்தான்: தெரியவில்லை.

அத்தனை காலமாக ஒருத்தர்கூடவா பெண்ணைப் பார்க்கவில்லை? நாற்காலியில் உட்கார முடியவில்லை எனக்கு. எழுந்து மொட்டைமாடிக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன்.

ஒரு பூச்சியை விவரிப்பது என்றால் வர்ணிப்பது இல்லை. ஆண், பெண் இரண்டின் வயிற்று நுனியையும் பிரித்து, இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தை வரைந்து, பக்கத்துச் சொந்தங்களிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது என்று காட்ட வேண்டும். இறக்கையின் நிறம் மழைக்கு ஒன்று வெயிலுக்கு ஒன்று என்று மாறும். அதை நம்பிப் பெயர் சொன்னால் மாட்டிக்கொள்வோம். இந்த வகைப் பூச்சிகளையே வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு வெளியூர் ஆய்வாளருக்கு மெயில் போட்டேன். எதிர்பார்க்கவே இல்லை, மறுநாளே அந்த அம்மாவிடமிருந்து பதில். "ஆண் எப்படியும் கிடைக்கும். பெண்ணைப் பிடி. வயிறு முழுசாக வேண்டும். கிடைத்தால் சேர்ந்து எழுதலாம்."

வீட்டில் என் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "சேந்து எழுதுறதா? யாரு கூட? அத்தாட்ட சொல்லிட்டியா?" என்றார் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கூத்து நடந்தது. முதல் தடவை ஒருத்தர் வீட்டுக்குப் போகிறோமே, மரியாதையாகப் போவோம் என்று, பெருநாளைக்கு எடுத்த சுடிதாரை பீரோவிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டேன். அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, தோல் வியாபாரம். உப்புப் போட்ட தோல் இருக்கிற இடத்துக்கு வண்டு வரும், அந்த வண்டு துணியையும் விடாது. அதனால் எங்கள் வீட்டு பீரோவில் துணிக்குச் சமமாக அந்துருண்டை கிடக்கும். பிறந்ததிலிருந்து மோந்து மோந்து எங்களுக்கு அது ஒரு வாடையாகவே படாது. புதுத்துணி என்றால் அப்படித்தான் மணக்கும் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஷெட்டுக்குப் பத்தடி முன்னாலேயே அக்கா கையை நீட்டி மறித்தார்.

"நில்லுங்க, நில்லுங்க மிஸ். என்னமோ வாசமடிக்குதுங்களே... அந்துருண்டைங்களா?"

திண்டுக்கல்லிலிருந்து பழனி வரைக்கும் பஸ்ஸில் யாருமே ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து மோந்து பார்த்தேன். கடவுளே.

"நேத்துத்தானுங்க கழுவி மருந்தடிச்சு வெச்சிருக்குது. பூ வெச்சுக்கிட்டுக்கூட நாங்க உள்ள போக மாட்டோம்."

மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்திருந்த அவர் வீட்டுக்காரர் இருந்த இடத்திலிருந்தே கேட்டார். "ஏனுங்க அம்மிணி, பூச்சிய ஆராய்ச்சி பண்ண வந்தீங்களா, ஒரேயடியா முடிச்சுட்டுப் போக வந்தீங்களா?"

என் பெருநாள் சுடிதார் கேட்டுக்கு வெளியே வேலியில் தொங்க, அக்காவின் நைட்டியும் தோளில் ஒரு துண்டுமாக நான் என் முதல் கள ஆய்வைத் தொடங்கினேன்.

கிண்டல் செய்தாரே தவிர, அந்த அண்ணன் சிரிக்கிற நிலையில் இல்லை. ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் ஒரு இடத்தைக் காட்டினார். மண் புதிதாக மூடியிருந்தது. ஓரத்தில் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்தது.

"புழு எல தின்னும்போது உள்ள ஒரு சத்தம் கேக்கும் பாருங்க, அரிசி களையற மாதிரி. அன்னிக்கு வெடிகாலம் கதவத் தொறக்கறேன், சத்தமே இல்லீங். கூடை கூடையா அள்ளிக் கொண்டாந்து இதுல போட்டு மூடினேன். இவ அழுதா. எனக்கு அழுகையும் வரல. நிமுந்து பாத்தா இந்த மரத்துல அது பாட்டுக்கு இலையத் தின்னுட்டு ஜம்முன்னு இருக்குது. எப்படியிருக்கும் சொல்லுங்க?"

'அண்ணே, நோய் வேறெங்கிருந்தும் வந்திருக்கலாம்' என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லாமல் விட்டேன். அந்தக் குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவரிடம் அதைச் சொல்ல நான் யார்?

"ரெண்டு கேள்விண்ணே. இந்தப் புழு மல்பெரி இலையத் திங்குமா, திங்காதா? இதுக்கிட்ட அந்த நோய் இருக்கா, இல்லையா? ரெண்டுக்கும் பதில் சொல்றேன். அதுவரைக்கும் வெட்டாதீங்க."

"அடுத்த புழுவுக்குச் சொல்லியாச்சுங்க. அது வர்ற வரைக்குந்தான் டைம். மரம் வெட்டற ஆளு மில்லுல இருந்து வந்து அளந்துட்டே போயிட்டான்."

மரத்தில் கை எட்டிய அளவுக்குப் புழுவும், இலை மடிப்பில் ஒட்டியிருந்த கூடுகளும் எடுத்தேன். கடலைப் பருப்பைவிடக் கொஞ்சம் பெரிய கூடு. வெளிர் மஞ்சள். கொண்டுவந்திருந்த டப்பாக்கள் எல்லாம் பிரியாணி பார்சல் டப்பாக்கள்தான். எங்கள் ஊரில் வேறு எது சும்மா கிடைக்கும்? வெந்நீரில் போட்டுத் தேய்த்தும் ஒன்றிரண்டில் பட்டை கிராம்பு வாசம் போகவில்லை என்று, அக்கா ஒவ்வொன்றாக மோந்து பார்த்துத்தான் புழுவை வைக்க விட்டார்.

திண்டுக்கல்லில் இச்சி இலைக்கு எங்கே போவது? பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் சுவரைப் பிளந்துகொண்டு ஒரு கன்று முளைத்திருந்தது. தினமும் காலையில் அதற்குக் கீழே எட்டி எட்டிக் குதித்து இலை பறித்தேன். எதிரே பூட்டுக் கடை போட்டிருந்த பெரியவர் ஒருநாள் கேட்டே விட்டார். "என்ன தாயி, குர்பானி ஆடா? இம்புட்டு இலைய வச்சு அது எப்பக் கொழுக்க?"

முதல் கேள்விக்குப் பதில் சீக்கிரமே கிடைத்தது. பாதிப் புழுக்களுக்கு இச்சி இலையும் பாதிக்கு அக்கா கொடுத்துவிட்ட மல்பெரி இலையும் வைத்தேன். மல்பெரிப் பக்கத்தில் இருந்தவை இலையின் மேல் ஏறி, விளிம்பைத் தலையால் தடவிப் பார்த்துவிட்டு இறங்கிப் போய் டப்பா மூலையில் நின்றுகொண்டன. மறுநாளும் அப்படியே. "பாவம், பட்டினி போடுறியே" என்று அம்மா திட்டியதால் இல்லை, பதில் தெரிந்துவிட்டதால் இச்சி இலைக்கே மாற்றிவிட்டேன். அக்காவுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். "அக்கா, மல்பெரி பக்கமே வராதுக்கா. அண்ணன்ட்ட சொல்லுங்க."

பதிலில் அண்ணனின் குரலே வந்தது. "திங்காதது சரீங் அம்மிணி. நோயி?"

அதுதான் எனக்குத் தெரியவில்லை. தின்னாத புழுவும் எச்சத்தின் வழியாக நோயைப் பரப்பலாம். காற்றில் தூசியாகப் போய் மல்பெரி இலையில் விழுந்தாலே போதும். என் உள்மனசு 'இருக்காதுண்ணே, தைரியமா இருங்க' என்று சொல்லிவிடத் துடித்தது. எனக்கு அந்த மரம் வேண்டும். அந்த மரத்தில் இருக்கும் பெண் வேண்டும். அப்படி வேண்டியிருக்கிற ஒருத்தி சொல்கிற 'இருக்காது'க்கு என்ன மதிப்பு? பதில் அனுப்பாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

கூடுகளும் என்னைக் கெஞ்ச வைத்தன. பாதிக்கு மேல் பூச்சிக்குப் பதிலாக எறும்பளவுக் குளவிகள் வந்தன. புழுவுக்குள்ளேயே முட்டையிட்டு உள்ளிருந்தே தின்று முடிக்கும் ஜாதி. மிச்சத்தில் வந்ததெல்லாம் ஆண். அகலச் சீப்பு உணர்கொம்பும் ஒல்லி வயிறுமாகப் படபடவென்று அடித்துக்கொண்டு, இரண்டு மூன்று நாளில் இறக்கை கிழிந்து செத்துப்போயின. பழைய நாலு வரியோடு அவை நன்றாகவே பொருந்தின. ஒரு சனிக்கிழமை காலை, வகுப்புக்குக் கிளம்புகிற அவசரத்தில் கடைசி டப்பாவைத் திறந்தேன். கூட்டின் மேல் ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஆணைவிடப் பெரிது. நிறம் இன்னும் வெளிர். உணர்கொம்பின் பற்கள் மிகக் குட்டை. வயிறு ஒரு நெல்மணி போலப் புடைத்து, நுனி மேல்நோக்கித் தூக்கியிருந்தது.

பெண்!

அன்றைக்கு வகுப்பில் நான் நடத்தியது மனித இதயமா மண்புழுவா என்று பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும்.

இந்தப் பூச்சிகளுக்குத் தின்ன வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது தின்றதுதான் கடைசிவரைக்கும். பெண் வெளியே வந்ததும் இருந்த இடத்திலேயே இருந்து ஒரு வாசனையை விடும். நமக்குத் தெரியாது, ஆணுக்கு வெகுதூரத்திலேயே தெரியும். அளவெடுத்தேன், எல்லாப் பக்கமும் படமெடுத்தேன். முட்டையும் கிடைத்துவிட்டால் முட்டையிலிருந்து எல்லாவற்றையும் எழுதிவிடலாம், அதற்கப்புறம் இவளைப் பாடம் செய்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். அத்தாவிடம் அக்கா வீட்டு நம்பரைக் கொடுத்து, ராத்திரி அங்கே தங்க அனுமதி வாங்கிக்கொண்டு மத்தியானப் பஸ் பிடித்தேன். மடியில் பிரியாணி டப்பா. கண்டக்டர் சீட்டைக் கிழித்துக்கொண்டே குனிந்து பார்த்தார். "மட்டனா, சிக்கனாம்மா?" பட்டுப்பூச்சி என்றேன். டிக்கெட் கொடுத்துவிட்டு அடுத்த இரண்டு சீட்டுக்கும் அதைச் சொல்லிக்கொண்டே போனார்.

இருட்டுவதற்கு முன்னால், ஆண் நுழைகிற அளவு ஓட்டையுள்ள ஒரு கூடையில் இச்சி இலை பரப்பி, பெண்ணை வைத்து, மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டோம். அக்காதான் முடிச்சுப் போட்டார். விடிந்து போய்ப் பார்த்தபோது உள்ளே இரண்டு பூச்சிகள் இருந்தன, வால்நுனியோடு வால்நுனி சேர்ந்து. எங்கிருந்தோ வந்திருந்தான் மாப்பிள்ளை.

"பரவால்லியே, பொண்ணு பாக்க ஒரே நாளுல வந்துட்டானே," என்றார் அக்கா. "உங்களுக்குத்தானுங்க மிஸ் லேட்டாகுது."

மத்தியானம் இரண்டும் பிரிந்தன. ஆண் போய்விட்டது. பெண் இலையின் அடியில் முட்டைகளை வரிசை வரிசையாக, தட்டைத் தட்டையாக ஒட்டிக்கொண்டே வந்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா நிமிராமலே சொன்னார்.

"முட்டை வெச்சு முடிச்சதும் தாயப் பாத்தறலாமுங்களா மிஸ்?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாத மாதிரி நின்றேன்.

பட்டுப்புழு முட்டை தயாரிக்கிற இடங்களில் இதுதான் முறை. ஒவ்வொரு தாயும் முட்டையிட்டு முடித்ததும், அதைக் கல்வத்தில் போட்டுக் காரக் கரைசல் விட்டு அரைத்து, ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். தாய் சுத்தம் என்றால் அதன் முட்டை விவசாயிக்குப் போகும். நோய் இருந்தால் முட்டையைக் கொளுத்திவிடுவார்கள். அப்படிப் பார்த்த முட்டையில் பொரித்த புழு என்றால்தான் இவர்கள் வாங்குவார்கள். நான் வகுப்பில் ஒரு மதிப்பெண் கேள்வியாக நடத்துகிற விஷயம் இது.

"ஆண் ஒண்ண அரைச்சுப் பாக்கலாம்கா. மரத்துல கிடைக்கும்."

"ஆம்பளப் பூச்சியப் பாத்து இவரு நம்புவாருங்களா? தாயில இருந்துதானுங்களே முட்டைக்குப் போகுது."

அண்ணன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். நம்பமாட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

வெளியூர் ஆய்வாளருக்குப் போன் போட்டேன். நடந்ததை முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "வயிறு போயிட்டா விவரிப்புல பெண் இல்லம்மா. இறக்கையை மட்டும் வச்சு நான் கையெழுத்துப் போட மாட்டேன். அது உன்னோட பூச்சி, முடிவு நீ பண்ணு."

என் பூச்சி. கூடைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அது முட்டை வைப்பதை நிறுத்தவில்லை. இத்தனை வருஷத்தில் யாருமே எழுதாத ஒன்று, என் கையெட்டும் தூரத்தில், என் பெயர் அச்சில் வர வேண்டிய இடத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எடுத்துக்கொண்டு பஸ் ஏறினால் யாரும் தடுக்கப்போவதில்லை. அக்கா மறுபடி கேட்கக்கூட இல்லை. ஷெட்டின் மேற்குச் சுவரில் மர நிழல் விழுந்திருந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, நிழலில்லாத இடத்திலும் வைத்துப் பார்த்தார். எனக்காகச் செய்ததில்லை அது. வெட்டினால் எப்படியிருக்கும் என்று தனக்காகப் பார்த்துக்கொண்டார்.

"நாளைக்கு எங்கக்கா போகணும்?" என்றேன்.

திங்கட்கிழமை பயிற்சி மையத்துக்கு லீவு சொன்னேன். பட்டு வளர்ச்சி அலுவலகத்துக்கு மூன்று பேரும் போனோம். அண்ணன் ஒரு பையில் முட்டை ஒட்டிய இலையைக் கொண்டுவந்தார். நோய் என்றால் அங்கேயே கொளுத்திவிட வேண்டும் என்று சட்டைப் பையில் தீப்பெட்டியும் வைத்திருந்தார். பூச்சி என்னிடம் இருந்தது. முட்டை வைத்து முடித்து வயிறு வற்றி, காலையில் அசைவு குறைந்திருந்தது.

ஆய்வகத்தில் இருந்த சார் டப்பாவைத் திறந்து சிரித்துவிட்டார். வெள்ளையாகக் கொழுகொழுவென்று வருகிற பட்டுப்பூச்சிகளையே பார்த்த கண். "இதுவா? அரைச்சா ஒரு சொட்டு தேறுமா?"

"சார், வால்நுனிய மட்டும் வெட்டி எடுத்துக்கறேன். மிச்சத்த அரைங்க," என்றேன். பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்த குறுக்குவழி.

சிரிப்பு நின்றது. நல்ல மனுஷர், நிதானமாக விளக்கினார். "இருக்கறதே இம்புட்டுதான்மா. நோய்க்கிருமி கொஞ்சமா இருந்து, அது அந்த நுனியில இருந்துச்சுன்னா? பாதிய அரைச்சா பாதிப் பதில்தான் வரும். அத நம்பி இவங்க புழு இறக்கணுமே."

சோதனைக்குத் தேவைப்படாத இறக்கை நான்கையும், தலையையும், கால்களையும் மட்டும் பிரித்து என் டப்பாவில் வைத்துக்கொண்டேன். மூக்கு ஒழுகியது. வயிற்றை இடுக்கியால் எடுத்துக் கல்வத்தில் போட்டேன். அவர் கரைசலை விட்டார். இரண்டு சுற்றுக்குமேல் அரைக்க அதில் ஒன்றுமில்லை.

கண்ணாடித் தகட்டை நகர்த்தி நகர்த்தி வெகுநேரம் பார்த்தார். வேறொரு சொட்டு எடுத்து மறுபடி பார்த்தார். சுவரில் ஒட்டியிருந்த நோய்க்கிருமிப் படத்தை அண்ணனுக்குக் காட்டி, "இந்த மாதிரி பளபளன்னு முட்டை வடிவத்துல தெரியணும். வாங்க, நீங்களே பாருங்க" என்று நாற்காலியை விட்டு எழுந்தார். அண்ணன் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு அந்தக் கண்ணைத் திறந்து அடுத்த கண்ணை மூடிப் பார்த்தார்.

"ஒண்ணுமே தெரியலீங்களே சார்."

"அதாங்க ரிசல்ட்டு."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு," என்றார் சார். "இந்தப் பூச்சி சுத்தம், அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும். மரத்துல இருக்கறது எல்லாம் சுத்தம்னு சொல்ல மாட்டேன். ஷெட்டுக்கு வலை கட்டுங்க. இலையக் கழுவிப் போடுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க அம்மிணி?"

"சார் சொன்னதுதான்ணே. அதுக்கு மேல எனக்கும் தெரியாது."

வெளியே வந்து போனை எடுத்து மரம் வெட்டுகிற ஆளிடம் பேசினார். "இந்தத் தடவ வேண்டாம்ப்பா... இல்ல இல்ல, வெல பிரச்சனை இல்ல. ஷெட்டு மேல சாஞ்ச கொப்ப மட்டும் நானே கழிச்சுக்கறேன். பாப்பம்." பேசி முடித்து, பையிலிருந்த இலை நசுங்கியிருக்கிறதா என்று திறந்து பார்த்தார்.

அன்று சாயங்காலம் அந்த இலையை ஷெட்டுக்கு எதிர்ப்பக்கக் கிளையில் அக்கா நூல் போட்டுக் கட்டினார். நான் திண்டுக்கல் திரும்பி, ஆண், புழு, கூடு, முட்டை எல்லாவற்றையும் எழுதி, பெண்ணுக்கு இறக்கையும் உணர்கொம்பும் மட்டும் எழுதி, 'வயிறு நோய் ஆய்வுக்குப் பயன்பட்டது, உறுப்புகள் பார்க்கப்படவில்லை' என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். இதுவரை பெயரில்லாத பூச்சியா, அந்தப் பழைய நாலு வரிக்காரனேதானா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் ஆய்வாளர். வைத்திருப்போம், இன்னொரு பெண் கிடைக்கட்டும் என்றார். ஆக, என் பெயர் எங்கேயும் அச்சாகவில்லை. மறுபடியும் நீட் வகுப்பு, மறுபடியும் 'பயாலஜி ஏறுதா'.

பாலசமுத்திரத்தில் புதுப்புழு வந்து இறங்கியது. மூன்றாவது தோலுரிப்பு வரைக்கும் நன்றாக இருக்கிறது என்று அக்கா சொன்னார். இச்சி மரத்து முட்டைகளும் பொரித்தன. தினமும் படம் வரும். நூல் நுனி அளவு புழுக்கள். ஒவ்வொரு படத்திலும் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் வகுப்பு நடுவே போன் அடித்தது.

"எறும்பு தூக்கிட்டுப் போகுதுங்க மிஸ். நாலஞ்சுதான் மிச்சம். எறும்பு சாக்பீஸு அடிமரத்துல கோடு போட்டறட்டுங்களா?"

"ஐயோ வேண்டாம்கா! அது விஷம்கா, புழுவும் செத்துரும்! உங்க புழுவுக்கும் ஆகாது!" நான் கத்தியதில் முதல் பெஞ்சு திடுக்கிட்டு நிமிர்ந்தது.

"அதேதானுங்க இவரும் சொன்னாரு. சொல்லீட்டு மோட்டார்க் கொட்டகையில இருந்து கிரீஸக் கொண்டாந்து அடிமரத்தச் சுத்தி வளையமாத் தடவீட்டு இருக்காரு."

"அண்ணனா?"

போன் கை மாறியது.

"நீங்க ஒண்ணும் சந்தோசப்பட வேண்டாம் அம்மிணி. எறும்பு தின்னு செத்தா எனக்கு என்ன தெரியும், நோயில செத்துதோ என்னமோ. வளந்து கூடு கட்டட்டும். புள்ளி விழுகுதா இல்லியான்னு நானே பாக்கோணும்."

"பாருங்கண்ணே. நானும் வந்து பாக்கறேன்."

"வாங்க. இன்னைக்கு நாலு இருக்குது."